எத்திராஜு மூஞ்சில போட்ட துண்டு

எந்திரி சார். சார், எந்திரின்றேன்ல. கடேசி டேசன் வந்தாச்சி.

அய்ய, உன்ன அடிக்கல சார். சீட்டத்தான் தட்டுனேன். துடப்பக்கட்ட லேசா தோள்ல பட்டிருக்கும், கோச்சிக்காத. எங்க எறங்கணும் நீ? பாலத்தோப்பா? சரியாப் போச்சி போ. பாலத்தோப்பு போயி நாலு டேசன் ஆவுது. இது உப்பளம். இதுக்கு மேல தண்டவாளமே கெடையாது, ஆர்பர் மதிலுதான்.

இன்னா சார் மொறைக்கிற? இதே வண்டிதான திரும்பப் போவுது, நான் பாட்டுக்குத் தூங்கிக்கினே போயி பாலத்தோப்புல எறங்கிக்கிறேன், உனுக்கு இன்னா நோவுதுன்ற. அதான? எல்லாரும் அதான் கேக்குறாங்கோ. கெட்ட வார்த்தகூட சொல்றாங்கோ. நேத்து ஒருத்தன், பேன்ட்டு சட்டலாம் நல்லாத்தான் போட்டிருந்தான், "உன் வூட்டு மெத்தையிலயா படுத்துக்கினு இருக்கேன்"னு கேட்டான். கேக்கட்டும். எழுப்பாம வுட மாட்டேன்.

அவசரப்படாத, வண்டி இப்ப எடுக்க மாட்டான். எங்கியோ மேல கரண்டு கம்பி அறுந்துக்கிச்சாம். அரை மணி நேரம் ஆவும்னு மைக்குல சொன்னான். உனுக்கு எங்க கேட்டிருக்கும், நீ கொறட்ட வுட்டுக்கினு இருந்த. குந்து. நானும் கொஞ்சம் குந்துறேன், முட்டி புடிச்சிக்கிச்சி.

இன்னாத்துக்கு எழுப்புறேன்னு சொல்றேன் கேளு. கேட்டுட்டு நீ ஒண்ணு சொல்லணும். படிச்சவன் மாதிரி தெரியுது, அதான் கேக்குறேன். நான் ஒரு மனுசன் மூஞ்சில துண்டு போட்டேன் சார். இதே பொட்டில, தோ அந்த மூல சீட்டுல. அந்தாளு செத்துட்டாரு. நான் துண்டு போடறப்ப அவருக்கு உசுரு இருந்திச்சா இல்லியா, அவ்ளோதான் விசயம். இருந்திருக்காது. நான் சொல்றேன், இருந்திருக்காது. இருந்தாலும் நீ முழுசாக் கேட்டுட்டு உன் வாயால ஒரு தபா சொல்லிடு.

எம் பேரு பூங்காவனம். காண்ட்ராக்டுல கூட்டுறேன், பதினோரு வருசம். இந்த டேசன் எனுக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும். எம் மாமனாரு இங்க பாயின்ஸ்மேனு. தண்டவாளத்த இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கம்பியப் புடிச்சி இழுத்து மாத்தி வுடுற வேல. அவரு சொல்லுவாரு, வெள்ளக்காரன் இத்த ஜனங்களுக்குன்னு கட்டவே இல்லியாம். கப்பல்லருந்து எறங்குற மூட்டைக்காகக் கட்டுனானாம். மொத மொத மூட்டதான் போச்சாம், அப்பறம் மூட்ட தூக்குறவன் போனானாம், அப்பறந்தான் ஆபீசரு, கிளார்க்கு எல்லாம். கரி எஞ்சினு, அப்பறம் கரண்டு, சின்ன லைனு, அப்பறம் பெரிய லைனு. லைன மாத்துனப்ப ஒரு மாசம் வண்டியே இல்லாம இங்க நாயி படுத்துக்கினு இருந்திச்சி. மத்தபடி நாயி படுக்கக்கூட எடம் இருக்காது.

அஞ்சு ப்ளாட்பாரம். அஞ்சும் முட்டுச்சந்து. வண்டி உள்ள வரும், செவுத்தாண்ட போயி நிக்கும். உனுக்கு ஒண்ணு தெரியுமா? வண்டி திரும்பாது சார், டிரைவருதான் திரும்புவாரு. பைய எடுத்துக்கினு முன்னாடி பொட்டிலருந்து எறங்கி, ப்ளாட்பாரம் முழுக்க நடந்து பின்னாடி பொட்டிக்கு வருவாரு. பின்னாடி இருந்த கார்டு அங்கருந்து இங்க நடப்பாரு. நட்ட நடுவுல ரெண்டு பேரும் பாத்துக்கினு, "இன்னாப்பா", "இன்னாப்பா"ன்னு சொல்லிட்டுப் போவாங்கோ. அதுக்குப் பன்னெண்டு நிமிசம். அந்தப் பன்னெண்டு நிமிசந்தான் என் வேல. ஒம்போது பொட்டி, மூணு பொம்பளங்கோ. நடு மூணு பொட்டி என்னுது. கடல தோலு, டீ கப்பு, பூவு, வாந்தி, எல்லாத்தையும் தள்ளிட்டுக் கீழ குதிச்சிடணும். இல்லன்னா நானும் செங்கரைக்குப் போவணும். ரெண்டு தபா போயிருக்கேன், ஹ்ம்.

செங்கரை தெரியும்ல, அந்தக் கோடி. இங்கருந்து அம்பது நிமிசம். போயி வர்றதுக்கு, அங்க நிக்கிறதும் சேத்து ரெண்டு மணி நேரம். அத்த நாங்க ஒரு ரவுண்டும்போம். காலிலருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே வண்டி இப்பிடியே சுத்திக்கினு இருக்கும், அப்பறந்தான் வண்டி நிறுத்துற செட்டுக்குப் போவும். இதுல தூங்குறதுக்குன்னே வர்ற ஆளுங்கோ இருந்தாங்கோ சார். நெஜமா. சீசன் டிக்கெட்டு வெச்சிக்கினு, எங்கியும் எறங்காம, மூணு ரவுண்டு. திருட்டு இல்ல. சீசன் இருக்குதா இல்லியா? எத்தினி தபா போனா ஒனுக்கு இன்னா?

யாருன்னு கேளு. ஆசுபத்திரி ஆயா ஒருத்தி, ராசாத்தின்னு பேரு, ராத்திரி பூரா பீ மூத்தரம் அள்ளிட்டு வருவா. வூட்டுக்குப் போனா புருசன் குடிச்சிட்டு ஒதைப்பான், இங்க வந்து படுத்துக்குவா. பேப்பரு அச்சடிக்கிற எடத்துலருந்து மூணு பேரு. மீன் ஐசு ஒடைக்கிறவன் ஒருத்தன், அவன் பக்கத்துல மனுசன் குந்த முடியாது, நாத்தம். அப்பறம் எத்திராஜண்ணன். ஆறு பேரு மொத்தம். எல்லாருக்கும் வூடு இருந்திச்சி சார். பகல்ல தூங்குறதுக்கு எடந்தான் இல்ல. பத்துக்குப் பத்து ரூம்புல அஞ்சு உருப்படி இருந்தா எவன் தூங்குவான்?

எனுக்குப் பாவமா இருந்திச்சி. நாந்தான் அந்த ரூல போட்டேன். தூங்குறவங்கோ மூஞ்சில துணியப் போட்டுக்கினா, தொடக் கூடாது. அவ்ளோதான். துணி இருந்தா சீசன்காரங்கோ, தூங்குறாங்கோ, எழுப்பாத. நான் சொன்னது போலீசுக்காரரு கேட்டுக்கினாரு. டிக்கெட்டு பாக்குறவரு கேட்டுக்கினாரு. செங்கரைல கூட்டுற ஜெபமணி, அவகிட்டயும் சொல்லி வெச்சேன். கடல விக்கிறவன்கூட துணியப் பாத்தா கொரலக் கொறச்சிக்குவான். பெரிய ஆபீசருங்கோ போடற ரூல எவன் மதிக்கிறான்? பூங்காவனம் போட்ட ரூலு ரெண்டு கோடியிலயும் செல்லுச்சி. பெருமையா இருந்திச்சி சார், பொய் சொல்லக்கூடாது.

எழுப்புறதும் நாந்தான். ஒருத்தர ரெண்டாவது ரவுண்டுல, ஒருத்தர மூணாவது ரவுண்டுல. எல்லாம் மண்டைலயே இருக்கும். ஒரு நாளு மாறுனதில்ல.

எத்திராஜண்ணன் மூணாவது ரவுண்டு. டேசனுக்கு வெளிய இரும்புக் குடோன் கீதுல்ல, அதுல நைட்டு வாட்ச்மேனு. ஏழு மணிக்குச் சாவிய குடுத்துட்டு, டீ ஒண்ணு அடிச்சிட்டு, ஏழரை வண்டில ஏறிடுவாரு. மத்தியானம் ரெண்டு மணிக்கு நான் எழுப்பணும். அவரு வூட்டுல சம்சாரம் இட்லி மாவு அரைச்சி விக்குது, சம்பூர்ணம்னு பேரு. ரெண்டு கிரைண்டரு. காலிலருந்து ரெண்டு மணி வரைக்கும் கடகடன்னு ஓடும். ஒரே ரூம்பு. அந்தச் சத்தத்துல கல்லுகூட தூங்காது. கிரைண்டரு நின்னப்பறம் போனாருன்னா சோறு துன்னுட்டு, பேரப்புள்ளய இஸ்கூல்லருந்து கூட்டியாந்துட்டு, திரும்ப ராத்திரி வேலைக்கு. எட்டு வருசம் சார். அந்த மனுசன் வூட்டுல தூங்குனதே ஞாயித்துக்கெழமதான்.

நல்ல மனுசன். "தங்கச்சி"ன்னுதான் கூப்புடுவாரு. ஒரு நாளு என்ன பேரு சொல்லிக் கூப்டதில்ல.

அன்னிக்கு வெள்ளிக்கெழம. ஏறும்போதே மனுசன் ஒரு மாதிரி இருந்தாரு. நெத்தில வேர்வ, முத்து முத்தா. "இன்னாண்ணே, காலிலயே குளிச்சிட்டாப்புல வர்ற"ன்னு கிண்டல் பண்ணேன். "நெஞ்சு அடச்சாப்புல கீது தங்கச்சி, வாயுன்னு நெனைக்கிறேன்"னாரு. ராத்திரி பூரா முழிச்சிக்கினு வெறும் டீயக் குடிச்சா வாயு வராம இன்னா வரும்? நானே ஓடிப்போயி கடைல பன்னீர் சோடா வாங்கியாந்து குடுத்தேன். யாரு குடுப்பா சார், சொல்லு? கூடப் பொறந்தவ குடுப்பாளா? பாதி குடிச்சாரு. ஏப்பம் வரல. "வரும் வரும், படு, தூங்குனா சரியாப் போயிடும்"னேன். "மூணாவது ரவுண்டுல எழுப்பும்மா, மறந்துடாத. புள்ளய இஸ்கூல்லருந்து கூட்டியாரணும்"னாரு. நான் என்னிக்கு மறந்தேன்? வண்டி எடுத்துட்டான்.

ஒம்பதரைக்குத் திரும்ப வந்திச்சி வண்டி. மொத ரவுண்டு முடிஞ்சிது. நான் ஏறுனேன். அண்ணன் தோ அந்த மூலைல, ஜன்னல்ல தல சாஞ்சிக்கினு, வாயத் தொறந்துக்கினு. துண்டு தோள்லயே கீது. மூஞ்சில போட்டுக்கல. எட்டு வருசத்துல அந்த மனுசன் துண்டு போடாம தூங்கி நான் பாத்ததில்ல. ப்ளாட்பாரத்துக் கூரை இந்தப் பொட்டி வரைக்கும் வராது பாரு, வெயிலு நேரா மூஞ்சில அடிக்கிது. எனுக்கு மனசு கேக்கல. பாவம், அசதில மறந்துட்டாரு, எவனாச்சும் வந்து எழுப்பிடப் போறான்னு, தோள்லருந்து துண்ட எடுத்து நானே மூஞ்சில போட்டேன்.

அவ்ளோதான் நான் செஞ்சது. தப்பா?

அப்பவே போயிட்டாரு சார். இல்லன்னா துண்டு போடாம எப்பிடித் தூங்குவாரு? போட்டுக்கிறதுக்கு முன்னாடியே உசுரு போயிடுச்சி, அதான் போட்டுக்கல. ரோசன பண்ணிப் பாரு, சரியா வருதா இல்லியா? தொட்டுப் பாக்கலியான்னு கேப்ப. எதுக்குத் தொடணும்? தொடக் கூடாதுன்றதுதான ரூலு.

அதுக்குள்ள ஒரு பொண்ணு ஏறுச்சி. வெள்ள கோட்டு கைல மடிச்சி வெச்சிக்கினு, நர்சு படிக்கிற பொண்ணு. இருவது வயசு இருக்கும். நான் துண்ட இழுத்து வுட்டுக்கினு இருக்கேன், அது வந்து எட்டிப் பாக்குது. "ஆன்ட்டி, அவரு கலரே சரியில்ல, எழுப்பிப் பாக்கட்டா"ன்னு கேக்குது. எனுக்கு வந்துச்சி பாரு கோவம். நேத்து மொளச்ச காளான், எனுக்கு வந்து சொல்லுது. "அவரு ராவெல்லாம் கண்ணு முழிச்சிட்டு வந்து தூங்குறாரு, நீ எழுப்பி வுட்டுட்டுப் பூடுவ, அப்பறம் அந்தாளு எங்க போயித் தூங்குவாரு? உன் வூட்ல பாய் போடுவியா? போயி உன் எடத்துல குந்து"ன்னேன். அது நவுரல. "நாடி மட்டும் புடிச்சிப் பாக்குறேன் ஆன்ட்டி"ன்னு கையக் கொண்டாந்திச்சி. நான் துடப்பத்தக் குறுக்க வெச்சேன். "படிச்சி முடிச்சிட்டு வா, அப்பறம் நாடி புடிக்கலாம்"னேன். பொட்டில நாலு பேரு சிரிச்சாங்கோ. அதுக்கு மொகம் செவந்து போச்சி. எறங்கி வேற பொட்டிக்குப் பூடுச்சி.

அந்தப் பொண்ண அதுக்கப்பறம் ஒரே ஒரு தபாதான் பாத்தேன். ஒம்பதரை வண்டிக்குன்னு நானும் தெனம் தேடுவேன். ஒண்ணுல்ல, ஒரு வார்த்த கேக்கலாம்னுதான். "நீ பாத்தியே, கலரு சரியில்லன்னியே, அது செத்த கலரா, சாவப்போற கலரா, உனுக்குத் தெரியும்ல"ன்னு கேக்கணும். படிக்கிற பொண்ணு, அதுக்குத் தெரிஞ்சிருக்கும். அன்னிக்குப் பாத்தப்ப கூப்புட்டேன். என்னப் பாத்திச்சி, அப்பிடியே திரும்பி அடுத்த பொட்டில ஏறிடிச்சி. நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்? இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு மரியாதயே கெடையாது சார்.

சரி, எங்க வுட்டேன்? ஆங். பன்னெண்டு நிமிசம் ஆச்சி, நான் எறங்கிட்டேன், வண்டி போயிடுச்சி. ரெண்டாவது ரவுண்டு பூரா, மூணாவது ரவுண்டு பூரா, அண்ணன் அப்பிடியே போயிருக்காரு, அப்பிடியே வந்திருக்காரு. செங்கரைல ஜெபமணி பாத்திருக்கா, துண்டு இருக்குது, தொடல. டிக்கெட்டு பாக்குறவரு பாத்திருக்காரு, துண்டு இருக்குது, போயிட்டாரு. பக்கத்துல எத்தினி பேரு குந்தி எந்திரிச்சிருப்பாங்கோ. ஒருத்தரு அவரு தோள்ல சாஞ்சி தூங்கிக்கூட இருக்காரு, அப்பறமா வந்து சொல்லி அழுதாரு. ஒருத்தரும் துண்டத் தொடல சார். பாத்தியா, என் ரூலு எப்பிடி வேல செஞ்சிதுன்னு.

ரெண்டு மணிக்கு வண்டி வந்திச்சி. நான் ஏறி, "அண்ணே, ரெண்டாச்சி, இஸ்கூல் வுடப் போறான்"னு தோளத் தட்டுனேன். தல தொங்கிடிச்சி. துண்ட எடுத்தேன். சில்லுனு இருந்திச்சி சார், கன்னம். வெயிலு அத்தினி அடிச்சும் சில்லுனு.

நான் கத்துனதுல ரெண்டாவது ப்ளாட்பாரத்துல இருந்தவங்கல்லாம் ஓடியாந்தாங்கோ. அப்பறம் போலீசு, டேசன் மாஸ்டரு, ஸ்ட்ரெச்சரு. பொட்டிய மட்டும் பூட்டி வெக்க முடியாதுல்ல, வண்டியவே எடுத்துக்கினு செட்டுக்குப் பூட்டாங்கோ. ரெண்டே கால் வண்டி கேன்சலுன்னு மைக்குல சொன்னப்ப ஜனங்கோ திட்டுறாங்கோ. "இன்னா மயிருக்கு நிறுத்துனீங்கோ"ன்னு ஒருத்தன் டேசன் மாஸ்டரு ரூம்பாண்ட வந்து கத்துறான். அவன் பக்கத்துலதான் அண்ணனப் போட்டு வெச்சிருக்கு, அதே துண்டப் போத்தி. அவனுக்குத் தெரியாது.

டாக்டரு காலிலயே எப்பவோ போயிருக்குதுன்னாரு. எப்பவோன்னா எத்தினி மணிக்குன்னு கேட்டேன். "நீ யாரும்மா, சம்சாரமா"ன்னாரு. கூட்டுறவன்னேன். "போம்மா"ன்னுட்டாரு. மாரடைப்பு, தூக்கத்துலயே போயிட்டாருன்னு எழுதி முடிச்சிட்டாங்கோ. என்ன ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல சார். விசாரண வப்பாங்கோ, வேலய வுட்டுத் தூக்குவாங்கோன்னு பயந்துக்கினு ராத்திரி பூரா ஒக்காந்திருந்தேன். ஒண்ணுமே இல்ல. துண்டு போட்டது யாருன்னுகூட எவனும் கேக்கல. அவரே போட்டுக்கினாருன்னு நெனச்சிக்கினாங்கோ. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கலன்னா நானா போயி சொல்றதா, நல்லா கீதே கத.

ஆனா ஆர்டரு வந்திச்சி. கடேசி டேசன்ல ஒருத்தரும் தூங்கக் கூடாது, எல்லாரையும் எழுப்பி எறக்கிட்டுத்தான் வண்டிய எடுக்கணும். எழுப்புறது கூட்டுறவங்கோ பொறுப்பு. போச்சி. அஞ்சு பேரு தூக்கமும் போச்சி. பேப்பருக்காரங்கோ வேல மாறிட்டாங்கோ. ஐசு ஒடைக்கிறவன் ப்ளாட்பாரத்துல படுத்தான், போலீசு அடிச்சித் தொரத்துனாங்கோ. ராசாத்தி என் கால்ல வுழுந்தா சார். "ஒரே ஒரு ரவுண்டுக்கா, என்னால முடியல, டூட்டில பேசன்ட்ட கீழ போட்டுடப் போறேன்"னு அழுவுறா. துணிய மூஞ்சில போட்டுக்கினு படுத்துட்டா. நான் துணியப் புடிச்சி இழுத்துட்டேன். "உசுரோட கீறியா, அப்ப எந்திரி"ன்னேன். என்ன அப்பிடி ஒரு பார்வ பாத்தா. "அந்தாள நீதான்டி கொன்ன, இப்ப எங்களையும் கொல்ற"ன்னுட்டுப் போனா. அதுலருந்து வர்றதில்ல.

நான் கொன்னேனாம். கேட்டுக்கோ. செத்தவனுக்கு மொத துணி போட்டவ நானு. அது பாவமா சார்? புண்ணியம். பெத்த புள்ள செய்யிறதுக்கு முன்னாடி நான் செஞ்சேன்.

எட்டாம் நாளு சம்பூர்ணம் வந்திச்சி. அவரு குந்துன சீட்டப் பாக்கணும்னு. நாந்தான் கூட்டியாந்து காட்டுனேன். அதே மூலைல குந்திக்கினு ஜன்னல் கம்பியத் தடவிக்கினே இருந்திச்சி. கையெல்லாம் மாவுப் புண்ணு. "அந்த மிசினு சத்தத்துக்குப் பயந்துதான் இங்க வந்து படுத்தாரு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நான் அத்த நிறுத்தியிருந்தா வூட்டுலயே படுத்திருப்பாரு. நெஞ்சு வலிக்கிதுன்னா நான் பாத்திருப்பேன், ஆட்டோ வெச்சி இட்டுக்கினு போயிருப்பேன்"னு அழுவுது. நான் பக்கத்துல போயி குந்துனேன். "அண்ணி, அப்பிடிலாம் ஒண்ணுமில்ல. மொத ரவுண்டுலயே போயிட்டாரு. படுத்த பத்து நிமிசத்துல. உனுக்குத் தெரிஞ்சிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது"ன்னேன். "நெஜமாவா"ன்னு கேட்டுச்சி. "எங்கொழந்தைங்கோ மேல சத்தியம். நானே ஒம்பதரைக்குப் பாத்தேன், அப்பவே ஜீவன் இல்ல"ன்னேன். "கஷ்டப்பட்டாரா"ன்னுச்சி. "ஒரு துளி இல்ல"ன்னேன். அது என் ரெண்டு கையையும் புடிச்சி கண்ணுல ஒத்திக்கிச்சி. "நீ சொன்னதுக்கப்பறந்தான் எனுக்கு மூச்சே வருது பூங்காவனம்"னுச்சி. இப்பவும் மாசத்துக்கு ஒரு தபா ஒரு தூக்கு மாவு குடுத்தனுப்புது. வேணான்னாலும் கேக்காது.

அதான் சார். எல்லாத்தையும் சொல்லிட்டேன். மொத ரவுண்டுலயே போயிட்டாரு, சரிதான? நீயும் சொல்லிடு, நான் எந்திரிச்சிப் போறேன், அடுத்த பொட்டி பாக்கி கீது.

இன்னா?

ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சி வந்தப்ப பாக்கலியான்னு கேக்குறியா? பதினொண்ணே முக்காலுக்கு. ஏன் பாக்கல? பாத்தேன். கூட்டுனேன். நான் ஒரு சீட்டு வுட்டு வெப்பேன்னு நெனச்சியா? சூப்பர்வைசரு சாலமன கேட்டுப் பாரு, நடுப் பொட்டி மூணும் எப்பிடி இருக்கும்னு. ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலயும் குனிஞ்சி கூட்டுவேன். ஒங்கள மாதிரி ஆளுங்கோ ஒரு கால நவுத்த மாட்டீங்கோ, போன நோண்டிக்கினு கல்லு மாதிரி குந்திக்கினு இருப்பீங்கோ. எத்திராஜண்ணன் அப்பிடி இல்ல. அந்த மனுசன் மாதிரி ஒருத்தரப் பாக்க முடியாது. நல்லாத் தூங்கிக்கினு இருப்பாரு, துடப்பச் சத்தம் கிட்ட வந்திச்சின்னா, கண்ணத் தொறக்காமயே ரெண்டு காலையும் ஒசத்திக்குவாரு. நான் கூட்டிட்டுத் தாண்டுனதும் மெல்ல கீழ வெப்பாரு. ஒரு நாளு தவறுனதில்ல. பொம்பள குனிஞ்சி வேல செய்யிறாளேன்னு ஒரு மரியாத. அன்னிக்குக்கூட பாரு, அத்தினி அசதிலயும் தூக்குனாரு. ஒரு காலுதான். வலது காலு தூக்குனாரு, எடது காலு வரல. நாந்தான் துடப்பத்தாலயே அந்தக் கால லேசா தள்ளி வுட்டுட்டு, "கெழவனுக்குத் தூக்கத்தப் பாரு"ன்னு சிரிச்சிக்கினே...

இன்னா சார்? இன்னாத்துக்கு அப்பிடிப் பாக்குற?

இரு. இரு சார். நீ ஒண்ணும் சொல்லாத. நானே சொல்றேன். அது அன்னிக்கு இல்ல. தெனம் ஒரே மாதிரி வேல, ஒரே சீட்டு, ஒரே துடப்பம், நாளு கொழம்பிக்கிச்சி. வேற நாளு அது. எடது காலு வரலன்னு... அது எப்பன்னா... அன்னிக்கு அவரு காலுகிட்ட பன்னீர் சோடா பாட்டிலு உருண்டுக்கினு இருந்திச்சி, அத்த எடுக்கத்தான குனிஞ்சேன்...

இல்ல. முந்தின நாளு. முந்தின நாளா இருக்கும் சார். அன்னிக்கு வெள்ளிக்கெழமன்னா, முந்தின நாளு வியாழக்கெழம.

வியாழக்கெழம எனுக்கு ஆஃப் சார். நான் வேலைக்கே வரல.